நாலேகால் வட்டிக் கடனும் ஏழு சதவீத டெபாசிட்டும்

கேள்வி: நான் மேலூர் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் மதுரையில் தனியார் வேலையில் இருக்கிறார். சொந்த வீடு, திருப்பாலையில். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 1,62,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஆனால் இரண்டு கிரெடிட் கார்டுகளில் 5 லட்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது. ஒன்றில் 2,90,000, இன்னொன்றில் 2,10,000. நாத்தனார் பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ததில் ஆரம்பித்தது. அப்புறம் வீட்டு மரவேலை, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏறிவிட்டது. ஒரு மாதம்கூடத் தவறாமல் 30,000 ரூபாய் கட்டுகிறோம். கடன் குறையவே இல்லை. எங்களிடம் 1,50,000, 50,000 என இரண்டு எஃப்டி, பதிவு பெற்ற கம்பெனியில் 3 லட்ச ரூபாய் சீட்டு (30 மாதத்தில் 22 கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை), மாதம் 8,000 எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு), லாக்கரில் 40 பவுன் நகை இருக்கின்றன. நகையை அடகு வைக்க மனசில்லை. மாமியாருக்குத் தெரிந்தால் கௌரவக் குறைச்சல். 6 லட்சம் பெர்சனல் லோன் தருவதாக வங்கியிலிருந்து மெசேஜ் வருகிறது, வாங்கி அடைத்துவிடலாமா? வருகிற ஆவணியில் இன்னொரு விசேஷம் வேறு இருக்கிறது. இதைச் சீக்கிரம் முடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்:

டீச்சர், உங்கள் சொந்தத்தில் யாராவது வந்து 'நாலேகால் வட்டிக்கு 5 லட்சம் வாங்கியிருக்கிறேன்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? இரண்டு வட்டி என்றாலே முகம் சுளிக்கிற ஊர் நம்முடையது. மூன்று வட்டி என்றால் வீட்டில் பெரியவர்களைக் கூட்டிப் பேசுவார்கள். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டுகளில் முதல் கார்டுக்கு மாதம் 3.75 சதவீதம், இரண்டாவதற்கு 3.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பெர்சனல் லோன், நகைக்கடன் வட்டிக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 30 காசு. வருடக் கணக்கில் 50 சதவீதத்துக்கு மேல். ஸ்டேட்மென்ட்டில் இது பொடி எழுத்தில் இருப்பதால்தான் வீட்டில் யாரும் பெரியவர்களைக் கூட்டவில்லை.

இனி உங்கள் 30,000 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம். முதல் கார்டுக்கு வட்டி 10,875. இரண்டாவதற்கு 7,350. இரண்டுக்கும் ஜிஎஸ்டி 3,280. ஆக 21,500 ரூபாய் அப்படியே போய்விடுகிறது. அசலில் கழிவது 8,500 மட்டும். ஆனால் அதே மாதம் மளிகை, பெட்ரோல், பிள்ளைகளின் ஆன்லைன் ஆர்டர் என்று சராசரியாக 20,000 ரூபாய்க்கு மறுபடி தேய்த்திருக்கிறீர்கள். 8,500 குறைந்து 20,000 ஏறினால், கடன் மாதம் 11,500 வளர்கிறது என்று அர்த்தம். 'குறையவே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஆறு ஸ்டேட்மென்ட்டையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், கூடிக்கொண்டே வந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கார்டில் வாங்கினால் ஒரு மாதத்துக்கும் அதிகமாக வட்டியில்லாத அவகாசம் உண்டு என்பது, போன மாத பில்லை முழுசாகக் கட்டியவருக்குத்தான். ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும். அப்புறம் நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். காலையில் வாங்கிய பாலுக்குக்கூட நாலேகால் வட்டிதான். உங்கள் கணவர் பாயின்ட்ஸ் சேருகிறது என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். 20,000 ரூபாய்க்கு ஒரு சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் பாயின்ட்ஸ் 200 ரூபாய். அந்த 20,000-க்கு ஒரு மாத வட்டி 860. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

ஆகவே முதல் வேலை கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது. கார்டை வெட்டிப் போடச் சொல்லவில்லை, அந்த நாடகமெல்லாம் வேண்டாம். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கிற கார்டு எண்ணை நீக்குங்கள். அவருடைய ரூபே கார்டை யுபிஐயில் இணைத்து வைத்திருக்கிறார் என்று ஸ்டேட்மென்ட்டிலேயே தெரிகிறது. விளக்குத்தூண் பக்கம் குடித்த ஜிகர்தண்டாவரை கார்டில் ஏறியிருக்கிறது. அந்த இணைப்பை எடுத்துவிட்டு, யுபிஐயில் சேமிப்புக் கணக்கை மட்டும் வையுங்கள். கணக்கில் பணம் இல்லை என்றால் அன்றைக்கு ஜிகர்தண்டா இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, எஃப்டி. 7 சதவீத வட்டிக்கு 1,50,000 ரூபாயை வங்கியில் வைத்துவிட்டு, 50 சதவீத வட்டிக்கு வெளியே கடன் வைத்திருக்கிறீர்கள். அவசரத்துக்கு என்று நீங்கள் ஒதுக்கி வைத்த பணம் அது என்பது புரிகிறது. ஆனால் அவசரம் வந்தாயிற்று, டீச்சர். பெரிய எஃப்டியை முறித்து முதல் கார்டில் கட்டுங்கள். முன்கூட்டியே எடுப்பதால் வட்டியில் அரை சதவீதமோ ஒன்றோ குறைப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த 1,50,000 ரூபாய் மட்டும் மாதம் 6,600 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்தும். சின்ன எஃப்டி 50,000 இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். கையில் ஒன்றுமே இல்லாமல் கடனை அடைத்தால், அடுத்த காய்ச்சலுக்கே மறுபடி கார்டை எடுப்பீர்கள்.

மீதி 3,50,000. இங்கேதான் நகைப் பேச்சு வருகிறது.

உங்கள் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கம் நகையை அடகு வைப்பது என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் ஊர் நினைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நகை இப்போது வங்கி லாக்கரில் கிடக்கிறது. நகைக்கடன் வாங்கினால் அதே மாதிரி ஒரு வங்கியின் பெட்டகத்தில்தான் இருக்கப்போகிறது. தெற்கு ஆவணி மூல வீதிக் கடைகளில் வாங்கிய நகையாகவே இருந்தாலும், லாக்கருக்குள் அது சம்பாதித்துத் தருவது ஒன்றுமில்லை. வருடம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,50,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,900 சொச்சம். இதே தொகைக்குக் கார்டில் நீங்கள் கட்டுவது சுமார் 15,000. மாதம் 12,000 ரூபாய் கௌரவத்துக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

40 பவுனையும் கொண்டுபோக வேண்டியதில்லை. இன்றைய விலையில் பத்துப் பவுனுக்குள் முடிந்துவிடும். கல் வைத்த நகையைத் தவிருங்கள், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். தாலிச் சங்கிலியும் மாமியார் உங்களுக்குப் போட்ட நகையும் அப்படியே இருக்கட்டும். ஆவணி விசேஷத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவீர்களோ அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் கல் இல்லாத சங்கிலி, வளையல் போதும்.

மாமியாரிடம் மறைக்கும்படி நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். சீர் செய்தது அவருடைய தங்கை பிள்ளைகளுக்கு. அம்மாவிடம் மகன் உட்கார்ந்து, 'தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குச் செஞ்சது இன்னும் வட்டியாப் போய்க்கிட்டிருக்கும்மா' என்று சொன்னால், அந்தத் தலைமுறைக்கு வட்டிக் கணக்கு நம்மைவிட நன்றாகப் புரியும். நீங்கள் போய்ச் சொன்னால் அதே விஷயம் வேறு மாதிரி கேட்கும்.

நகைக்கடன் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற முறையை எடுக்காதீர்கள். நம்மூரில் பலர் அதில்தான் சிக்குகிறார்கள். வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள், அடுத்த வருடமும் அப்படியே, நகை வீட்டுக்கே திரும்பாது. மாதா மாதம் அசலில் கட்ட வசதியுள்ள கடனாகக் கேளுங்கள். இடையில் கட்டினால் அபராதம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடனை அடைத்த பிறகு நகையைத் தர இழுத்தடிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, முழுசாக அடைத்த 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு. எல்லா வங்கிகளும் இதை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது உத்தரவு.

இவ்வளவு சொல்லியும் நகைக்கு மனம் ஒப்பவில்லை என்றால், உங்கள் ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் கிடைக்குமா, வட்டி எவ்வளவு என்று விசாரியுங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வதால் கட்ட மறக்கவும் முடியாது. ஆனால் கூட வேலை பார்ப்பவர் ஜாமீன் போட வேண்டியிருக்கும், ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும். கௌரவத்தைப் பார்த்தால் நகையே தேவலை. 2003 ஏப்ரலுக்கு முன்பு பணியில் சேர்ந்திருந்தால் ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) முன்பணம் என்று ஒரு வழி இருந்திருக்கும். நீங்கள் சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) என்று எழுதியிருப்பதால் அது இல்லை.

பெர்சனல் லோன் கடைசி வழி. கார்டைவிட அது எவ்வளவோ மேல்தான், அரசு ஊழியருக்கு 11 முதல் 14 சதவீதத்துக்குள் கிடைக்கும். ஆனால் உங்களுக்குத் தேவை 3,50,000, அவர்கள் நீட்டுவது 6 லட்சம். மிச்சம் 2,50,000 கையில் இருந்தால் ஆவணி விசேஷம் எவ்வளவு பெரிதாகும் என்று உங்களுக்கே தெரியும். பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி முடித்தால் அபராதம் இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கார்டு கம்பெனியே 'பாக்கியை இஎம்ஐ ஆக்கித் தருகிறோம்' என்று கூப்பிடுவார்கள். வட்டி குறைவாகத் தெரிந்தாலும் அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, கட்டணமும் உண்டு. நகை இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை.

சரி, சீட்டுக்கு வருவோம். 22 மாதம் கட்டியிருக்கிறீர்கள், இப்போதே ஏலத்தில் எடுத்துக் கார்டில் போடலாமே என்று தோன்றும். நகைக்கடனே கிடைக்காது என்ற நிலை இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் கழிவு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று. ஆனால் பத்து சதவீதத்தில் நகைக்கடன் கிடைக்கும்போது, இன்று 25,000, 30,000 கழிவு விட்டுச் சீட்டை எடுப்பது நஷ்டம். கடைசிவரை விட்டுவிடுங்கள். கடைசிச் சீட்டில் ஏலக் கழிவு இல்லை, நடத்துபவரின் கமிஷன் மட்டும் போகும். ஐந்து சதவீதம் என்று வைத்தால் கைக்கு 2,85,000.

இப்போது மாதக் கணக்கு. நீங்கள் எழுதி அனுப்பிய செலவுப் பட்டியலைக் கூட்டினால், சீட்டும் எஸ்ஐபியும் உட்பட 1,35,000 வருகிறது. கார்டு பணத்தையும் கார்டில் தேய்த்ததையும் இதில் சேர்க்கவில்லை. எஸ்ஐபியை நிறுத்தி வையுங்கள். விற்க வேண்டாம், புதிதாகப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். பங்குச்சந்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடன் இருக்கும்போது அந்த 8,000 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது. அப்படியானால் 1,27,000. கார்டில் போய்க்கொண்டிருந்த 20,000 செலவை ஒரேயடியாகப் பூஜ்யமாக்க முடியாது, அது வீட்டுச் செலவுதான். 13,000-க்குக் கொண்டுவாருங்கள், சேமிப்புக் கணக்கிலிருந்தே செலவழியுங்கள். ஆக 1,40,000. மிச்சம் 22,000-இல் 20,000 ரூபாய் நகைக்கடனுக்கு.

எட்டு மாதம் இப்படிக் கட்டினால், வட்டி போக நகைக்கடன் பாக்கி சுமார் 2,10,000 ரூபாயில் நிற்கும். அப்போது சீட்டு முடிகிறது. 2,85,000 வாங்கி நகையைத் திருப்பிக்கொண்டு வந்தால், கையில் 75,000 மிஞ்சும். அதை முறித்த எஃப்டிக்குப் பதிலாகப் போட்டுவிட்டு எஸ்ஐபியை மறுபடி தொடங்குங்கள். நடுவில் ஒரு மாதம் ஏதாவது செலவு வந்து 20,000 கட்ட முடியாமல் போனாலும் கணக்கு ஒன்றும் குடைசாயாது. நீங்கள் இன்று கட்டுகிற 30,000-ஐவிடக் குறைவான தொகையில் ஒன்பது மாதத்துக்குள் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். பணம் ஒருபோதும் பற்றாமல் போகவில்லை, தப்பான இடத்தில் கிடந்தது.

ஆவணி விசேஷத்தைப் பற்றி. செய்முறையை, அதாவது மொய்யும் சீரும் செய்வதை, நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வெளியூர்க்காரன் இல்லை. உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்துதான் ஆக வேண்டும், அதுவும் ஒரு கடன்தான், வட்டியில்லாத கடன். செய்முறை நோட்டை எடுங்கள். அவர்கள் செய்தது எவ்வளவோ, வழக்கம்போல அதற்கு மேல் கொஞ்சம் வைத்து, ரொக்கமாகச் செய்யுங்கள். நோட்டில் இருக்கிற தொகை யாரையும் கடனாளி ஆக்குவதில்லை. அதற்கு மேல் ஊர் பார்க்க வேண்டும் என்று செய்கிற தட்டு வரிசையும் ஃப்ளெக்ஸும்தான் கார்டுக்குப் போகின்றன. போன முறை சீருக்கு ஆன செலவில் நகைக்கும் துணிக்கும் ஆனது பாதிதான், மிச்சம் மேளமும் வண்டியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கார்டில் பணம் கட்டுகிற அன்று ஒரு காரியம். ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையைக் கட்டிவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டுகிற நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த மாத பில்லில் வரும். சில ஆயிரம் இருக்கலாம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து 'இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு' என்று கேட்டுக் கட்டுங்கள், அடுத்த பில்லில் வருவதையும் பாக்கி வைக்காமல் கட்டுங்கள். பிறகு 3.75 சதவீதக் கார்டை மூடிவிடுங்கள். பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் சொல்கின்றன. மூடினால் சிபில் ஸ்கோர் (கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்) கொஞ்சம் இறங்கலாம், அடுத்த சில மாதங்களில் நீங்கள் புதுக் கடனுக்குப் போகப் போவதில்லை, விடுங்கள். இன்னொரு கார்டை வைத்துக்கொள்ளலாம், வரம்பை 50,000 ஆகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதன் ஆட்டோ டெபிட் 'மினிமம் டியூ' (குறைந்தபட்சத் தொகை மட்டும்) என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. 'மொத்தத் தொகை' என்று மாற்றுங்கள்.

'பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் செய்து தருகிறோம்' என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். அது கட்டவே முடியாதவர்களுக்கான வழி. சிபிலில் 'செட்டில்டு' என்று விழுந்தால் நாளைக்கு வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றக்கூடச் சிரமப்படுவீர்கள். கோர்ட் ஏதாவது செய்யும் என்று காத்திருப்பதும் வீண். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எப்போது போவது என்று கேட்டால், இந்த வாரமே. உங்கள் கடனுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் வட்டி ஓடுகிறது. பள்ளிக்கு லீவு போட மனமில்லை என்றால் சனிக்கிழமை போகலாம், ஆனால் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி இருக்காது. லாக்கர் சாவி, ஆதார், பான், பாஸ்புக் எடுத்துக்கொள்ளுங்கள். நகை வாங்கிய ரசீது இருந்தால் அதையும். எடை போட்டு மதிப்பிட நேரமாகும், காலையிலேயே போய்விடுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள்.